புகையைப் பிடித்து பூமிக்குள் அனுப்பும் ஊர்!

நெய்வேலியைப் பார்த்தவர்களுக்கு எஸ்டெவான் அந்நிய ஊராகத் தெரியாது. அங்கேயும் தரைக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. அங்கேயும் மண்ணைப் புரட்டிப்போடும் ராட்சத இயந்திரங்கள். அங்கேயும் வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும் புகைபோக்கிகள். ஊர்தான் சின்னது. சுமார் 11,000 பேர். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், அமெரிக்க எல்லையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் முப்பது வரை இறங்கும். ஆனால், கனடாவிலேயே வருடத்துக்கு அதிக நேரம் வெயிலடிக்கும் ஊர் என்ற பெயரும் இதற்குத்தான். சுமார் 2,500 மணி நேரம்!

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நிலக்கரி மின் நிலையத்தின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பெரிய அளவில் பிரித்தெடுக்கும் வேலை, உலகத்திலேயே முதன்முதலில் 2014 அக்டோபரில் இங்கேதான் தொடங்கியது. உலகத்தைச் சூடாக்கும் வாயுவை வானத்துக்கு விடாமல், குழாயில் பிடித்து பூமிக்குள் அனுப்பிவிடுவது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதுவும் நெய்வேலிப் பக்கத்தில். எஸ்டெவானுக்குப் போகாமல் ஊர் திரும்ப மனம் வரவில்லை.

அண்ணன் மகள் ரெஜினா நகரத்தில் செவிலியராக இருக்கிறாள். அவள் வீட்டில்தான் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். "அத்தை, எல்லாரும் கனடா வந்தா நயாகரா பார்க்கணும்பாங்க. நீங்க கரண்ட் ஃபேக்டரி பார்க்கணும்ங்கறீங்க" என்று சிரித்தாள். நயாகரா அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். எஸ்டெவான் 200 கிலோமீட்டர். கணக்கு எனக்குச் சாதகமாக இருந்ததால், அக்டோபர் மாதத்து சனிக்கிழமை ஒன்றில் காரைக் கிளப்பினாள். பின்சீட்டில் அவள் மகன், பதினொரு வயது. கேள்வி கேட்பதில் மன்னன்.

தலையாட்டும் இயந்திரங்கள்

ரெஜினாவிலிருந்து தெற்கே இறங்கி, 39-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரே எஸ்டெவான். மலை கிடையாது, மேடு கிடையாது. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் வானம் தொடும் இடம் வரை விரிந்து கிடக்கின்றன. தஞ்சாவூரை இழுத்து இழுத்து நூறு மடங்கு பெரிதாக்கி, ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்ட மாதிரி ஓர் அமைதி.

பாதி வழி தாண்டியதும் வெய்பர்ன் என்ற ஊர் வருகிறது. கனடாவில் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற யோசனையைச் சாதித்துக் காட்டிய டாமி டக்ளஸ், இந்த ஊரில் பாதிரியாராக இருந்தவர். அவருக்கு இங்கே சிலை இருக்கிறது. செவிலியரான அண்ணன் மகள் அதை மரியாதையோடு சொன்னாள்.

வெய்பர்னைச் சுற்றி வயல்களுக்கு நடுவே, குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து தலையாட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் தெரிந்தன. பழைய கால ஏற்றத்தை இரும்பில் செய்து, மனிதன் இல்லாமல் ஓடவிட்ட மாதிரி. எண்ணெய் இறைக்கும் பம்புகள்.

"பாட்டி, புகை பிடிக்கிற இடம் இதுவா?" என்றான் பொடியன்.

"இல்லடா கண்ணா. பிடிச்ச புகை கடைசியில வந்து சேர்ற இடம் இது. திரும்பி வரும்போது சொல்றேன்" என்றேன்.

உறையாத ஏரி

எஸ்டெவானுக்குச் சற்றுத் தெற்கே பவுண்டரி டேம் மின் நிலையம். மாகாண அரசின் மின் நிறுவனமான சஸ்க்பவருக்குச் சொந்தமானது. உள்ளே போகவில்லை. எதிரே உள்ள ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே எல்லாம் தெரிகிறது.

ஏரி என்றால் இயற்கை ஏரி அல்ல. மின் நிலையத்தைக் குளிர்விக்க, 1950-களின் இறுதியில் லாங் கிரீக் என்ற ஓடையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். நிலையத்தைச் சுற்றிவிட்டு வரும் வெந்நீர் இதில் கலப்பதால், ஊரெங்கும் ஏரிகள் கல்லாக உறைந்து கிடக்கும் குளிர்காலத்திலும் இதன் ஒரு பகுதி உறைவதில்லை. குளிர்ப் பிரதேசமான சஸ்காச்சுவானில் 'லார்ஜ்மவுத் பாஸ்' என்ற வெதுவெது நீர் மீனை விட்டு வளர்க்கும் நீர்நிலை இது. நாங்கள் போன காலையில் தண்ணீரின் மேல் லேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மின் நிலையம் பக்கத்து நிலத்தையும் நீரையும் தொடாமல் ஓடுவதில்லை. ஒரு மீனுக்கு அது நல்லதாகவும் இருக்கும், இன்னொன்றுக்குக் கெடுதலாகவும் இருக்கும். புகையைப் பிடிக்கும் ஆலையும் அப்படித்தான்.

கோலி சோடா தத்துவம்

"எப்படி பாட்டி புகையைப் பிடிக்கிறாங்க? வலை போட்டா?"

நம் ஊர் கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சோடாவில் வாயு அடங்கிக் கிடக்கும். அதையே சூடாக்கினால்? குமிழ் குமிழாக வெளியேறிவிடும். இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். தண்ணீருக்குப் பதில் 'அமீன்' என்ற ரசாயனக் கரைசல். புகைபோக்கிக்குப் போகும் புகையைத் திருப்பி, உயரமான ஒரு கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் கரைசல் மழையாகக் கொட்டுகிறது. ஏறும் புகையில் உள்ள கரியமில வாயு, கொட்டும் கரைசலில் ஒட்டிக்கொள்கிறது. மற்ற வாயுக்கள் மேலே போய்விடும்.

வாயுவைச் சுமந்த கரைசலை அடுத்த கோபுரத்துக்கு அனுப்பி, நீராவியால் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால், பிடித்த வாயு தனியாகப் பிரிந்துவிடும். கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும். பிரிந்த வாயுவை அழுத்தி அழுத்தி, திரவம் போல அடர்த்தியாக்கிக் குழாயில் ஏற்றுவார்கள்.

இந்த ஆலை மூன்றாவது அலகில் மட்டும் இருக்கிறது. பழைய அலகைப் புதுப்பித்தது, வாயு பிடிக்கும் ஆலை கட்டியது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 கோடி கனடா டாலர் செலவு. புகையில் உள்ள கரியமில வாயுவில் 90 சதவிகிதம், அதாவது வருடத்துக்கு 10 லட்சம் டன் பிடிக்கலாம் என்பது திட்டம்.

நடந்தது என்ன? முதல் வருடத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. 2021-ல் வாயுவை அழுத்தும் இயந்திரத்தின் மோட்டார் பழுதாகி, பல மாதம் வேலை கெட்டது. மொத்தமாக 50 லட்சம் டன்னைத் தொட 2023 ஆகிவிட்டது. திட்டப்படி பார்த்தால் 2019-லேயே வந்திருக்க வேண்டிய எண்ணிக்கை.

தாமதமானாலும், 50 லட்சம் டன் வானத்துக்குப் போகவில்லை அல்லவா? அது உண்மைதான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால், அந்த 50 லட்சத்துக்கு மறுபக்கம் ஒரு பற்று வரவு இருக்கிறது. குடும்பத் தலைவிகளுக்குத் தெரியும், வரவை மட்டும் எழுதி வைத்தால் அது கணக்கு ஆகாது என்று.

முதல் பற்று: கரியைப் பிடிக்கவும் கரி

கரைசலைச் சூடாக்க நீராவி வேண்டும். அந்த நீராவி எங்கிருந்து வருகிறது? மின்சாரம் தயாரிக்க டர்பைனைச் சுழற்றும் அதே நீராவியிலிருந்துதான். வாயுவை அழுத்தும் இயந்திரங்களுக்கும் அதே நிலையத்தின் மின்சாரம்தான். இட்லிப் பானையின் ஆவியைப் பக்கத்து அடுப்புக்குத் திருப்பினால், இட்லி எப்படி வேகும்?

மூன்றாவது அலகு முன்பு ஏறக்குறைய 140 மெகாவாட் மின்சாரம் ஊருக்குக் கொடுத்தது. புகை பிடிக்கத் தொடங்கிய பிறகு 110 மெகாவாட் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு, புகை பிடிக்கவே செலவாகிவிட்டது.

இது எஸ்டெவானின் குறை மட்டும் அல்ல. ஐ.நா-வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2005-லேயே இதைக் கணக்கிட்டுச் சொன்னது. 90 சதவிகிதம் வாயுவைப் பிடிக்கும் புது நிலக்கரி நிலையம், அதே அளவு மின்சாரம் தர 24 முதல் 40 சதவிகிதம் வரை கூடுதலாக எரிபொருள் எரிக்க வேண்டியிருக்கும் என்றது. தொழில்நுட்பம் முன்னேறியதில் இது குறைந்திருக்கிறது. பூஜ்ஜியம் ஆகவில்லை. ஆகவும் ஆகாது.

கூடுதல் கரி என்றால் கூடுதல் சுரங்கம். கூடுதல் லாரி. கூடுதல் சாம்பல். புகைபோக்கியின் வாயிலேயே நின்று பார்த்தால் இதெல்லாம் தெரியாது. சுரங்கத்தின் ஓரத்தில் வீடு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் பற்று: தண்ணீர்

சூடாக்கிய கரைசலை, மறுபடி வாயு பிடிக்க அனுப்பும் முன் குளிர்விக்க வேண்டும். வரும் புகையையும் குளிர்விக்க வேண்டும். அழுத்தும்போது வாயு சூடாகும், அதையும் குளிர்விக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் நீர், நிலையத்தின் அமைப்பைப் பொறுத்து, ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை உயரும் என்பது பொதுவான கணிப்பு.

எஸ்டெவான் பக்கம் மழை குறைவு. ஓடும் ஆறு என்றால் சூரிஸ் என்ற சின்ன ஆறுதான். இந்த ஊருக்கு அருகே ஷாண்ட் என்று இன்னொரு நிலக்கரி நிலையம் உண்டு. அங்கேயும் வாயு பிடிக்கும் ஆலை கட்டலாமா என்று 2018-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். கூடுதல் தண்ணீர் கேட்கக் கூடாது என்பதை முன்வைத்தே அந்த ஆலைக்கு வரைபடம் போட்டார்கள். பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். அந்த ஈரம் புகையோடு ஆவியாகப் போகும். அதைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, அந்த நீரையே பயன்படுத்தலாம் என்று யோசித்தார்கள். புத்திசாலித்தனமான யோசனை. இவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது என்பதே, தண்ணீர்தான் இங்கே முட்டுக்கட்டை என்பதற்குச் சாட்சி.

மூன்றாம் பற்று: ரசாயனம்

அமீன் கரைசல் சுற்றிச் சுற்றி வரும் என்றேன் அல்லவா? ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கெட்டுப்போகும். நாம் ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பலகாரம் சுட்டால் எண்ணெய் கறுத்துக் கெட்டியாவது போல. சூடும், புகையில் உள்ள ஆக்சிஜனும் அதைச் சிதைக்கின்றன. எஸ்டெவானில் இன்னொரு தொல்லை. வடிகட்டியைத் தாண்டி வந்த நுண்ணிய சாம்பல், கரைசலில் கலந்து குழாய்களை அடைத்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரைசல் கெட்டது. செலவும் ஏறியது. வருடக்கணக்கில் போராடித்தான் ஓரளவுக்குக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

கெட்ட கரைசலைச் சுத்தம் செய்தால் அடியில் கசடு தங்கும். அது சாக்கடையில் விடக்கூடிய பொருள் அல்ல. அபாயக் கழிவாகத்தான் கையாள வேண்டும்.

காற்றிலும் கொஞ்சம் தப்பும். அமீன் சிதையும்போது அமோனியா உண்டாகிறது. ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட அறிக்கை, இப்படிப்பட்ட நிலையங்களில் அமோனியா வெளியேற்றம் மூன்று மடங்குக்கு மேல் கூடலாம் என்று கணித்தது. விவசாயத்திலிருந்து வரும் அமோனியாவோடு ஒப்பிட்டால் அது சிறிய அளவுதான் என்பதையும் அதே அறிக்கை சொன்னது.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கோபுரத்தின் உச்சி வழியாகத் தப்பும் அமீன், காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து 'நைட்ரோசமீன்' வகைப் பொருள்களாக மாறலாம். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. நார்வே நாட்டில் மோங்ஸ்டாட் என்ற இடத்தில் வாயு பிடிக்கும் சோதனை நிலையம் கட்டியபோது இந்தக் கவலை எழுந்தது. உடனே திட்டத்தை எதிர்க்கவும் இல்லை, மூடி மறைக்கவும் இல்லை. அந்த நாட்டின் பொது சுகாதார நிறுவனம், சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.3 நானோகிராம், குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பை 2011-ல் பரிந்துரைத்தது. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 2012-ல் நிலையம் திறந்தது. முதலில் வரம்பு, பிறகு ஆலை! இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

"அப்போ இது நல்லதா கெட்டதா பாட்டி? ஒண்ணு சொல்லுங்க" என்று பொறுமையிழந்தான் பொடியன்.

"மருந்து நல்லதா கெட்டதாடா? உங்கம்மாவைக் கேளு" என்றேன்.

"யாருக்கு, எவ்வளவு, என்ன பக்கவிளைவுன்னு பார்த்துத்தான் கொடுப்போம்" என்றாள் அவள், காபியைக் குடித்துக்கொண்டே. செவிலியர் அல்லவா!

வரவுப் பக்கத்திலும் உண்டு

அமீனுக்குக் கந்தகம் ஆகாது. புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் கரைசல் வீணாகும். அதனால், அதை முதலிலேயே பிரித்தெடுத்துவிட வேண்டும். எஸ்டெவானில் அப்படிப் பிரித்ததைக் கந்தக அமிலமாக்கி விற்கிறார்கள். நுரையீரலைக் கெடுக்கும், அமில மழை பெய்யவைக்கும் ஒரு வாயு, மூன்றாவது அலகின் புகையிலிருந்து கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. கரியமில வாயுவைப் பிடிக்கப்போய்க் கிடைத்த இனாம் இது. சாம்பலையும் கான்கிரீட்டுக்கு விற்கிறார்கள்.

ஊருக்கும் இது வாழ்க்கைப் பிரச்னை. எஸ்டெவானின் கதை கரியோடு பிணைந்தது. 1931 செப்டம்பர் 29-ஆம் தேதி, கூலிக்கும் பாதுகாப்புக்கும் போராடிய சுரங்கத் தொழிலாளர்கள் இந்த ஊருக்குள் ஊர்வலமாக வந்தபோது, போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். பக்கத்தில் பீன்ஃபேட் என்ற சிற்றூரின் கல்லறையில் அந்த மூவரும் கிடக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான், கரியே இனி வேண்டாம் என்று உலகம் சொல்ல ஆரம்பித்தது. புகையைப் பிடித்துவிட்டால் கரியும் இருக்கும், வேலையும் இருக்கும் என்று ஓர் ஊர் ஆசைப்பட்டால், அதை எப்படிக் குறை சொல்வது?

ஆனால், ஆசைக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நான்காவது, ஐந்தாவது அலகுகளிலும் இதே ஆலையைக் கட்டலாமா என்று யோசித்த சஸ்க்பவர், வேண்டாம் என்று 2018-ல் முடிவு செய்தது. கட்டுப்படியாகவில்லை. வழக்கமான நிலக்கரி நிலையங்களை 2030-க்குள் மூட வேண்டும் என்பது கனடா மத்திய அரசின் விதி. நிலையங்களைப் புதுப்பித்து அதற்குப் பிறகும் ஓட்டப்போவதாக மாகாண அரசு 2025-ல் அறிவித்தது. இழுபறி தொடர்கிறது.

குழாய் போகும் பாதை

திரும்பும் வழியில் பொடியன் மறக்காமல் கேட்டான். "தலையாட்டுற மெஷினைப் பத்தி சொல்றேன்னீங்களே?"

எஸ்டெவானில் பிடித்த வாயுவின் பெரும்பகுதி, 66 கிலோமீட்டர் குழாய் வழியாக வெய்பர்ன் எண்ணெய் வயலுக்குப் போகிறது. அங்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கி எழுபது வருடம் ஆகிவிட்டது. சுலபமாக வரும் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கிடக்கும் மிச்சத்தை வெளியே தள்ள, கரியமில வாயுவை உள்ளே செலுத்துகிறார்கள். 2000-ஆம் ஆண்டு முதல், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள ஒரு நிலக்கரி வாயு ஆலையிலிருந்தும் இந்த வயலுக்கு இப்படி வாயு வருகிறது. வாயுவின் பெரும்பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எண்ணெய் வெளியே வருகிறது. அந்த எண்ணெய் எங்கோ ஒரு காரில் எரிந்து, மறுபடி கரியமில வாயுவாக வானத்துக்குப் போகிறது.

"அப்போ ஒரு கதவை மூடி, இன்னொரு ஜன்னலைத் திறக்கிறாங்க" என்றான் பொடியன். நான் இத்தனை நேரம் விளக்கியதை ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

எல்லா வாயுவும் எண்ணெய்க்குப் போவதில்லை. மின் நிலையத்துக்கு அருகிலேயே 'அக்விஸ்டோர்' என்ற ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. 3.4 கிலோமீட்டர் ஆழத்தில், உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் ஒரு பங்கு வாயுவை 2015 முதல் செலுத்துகிறார்கள். எண்ணெய் எடுக்காமல், புதைப்பதற்காகவே புதைப்பது.

புதைத்தது வெளியே வராதா? 2011-ல் வெய்பர்ன் வயலுக்கு மேலே நிலம் வைத்திருந்த ஒரு விவசாயக் குடும்பம், தங்கள் குட்டையில் குமிழி வருவதாகவும், புதைத்த வாயு கசிவதாகவும் புகார் சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. சுயேச்சையான ஆய்வாளர்கள் மண்ணில் உள்ள வாயுவைச் சோதித்தார்கள். அது மண்ணில் இயற்கையாக உண்டாகும் வாயு, ஆழத்திலிருந்து வந்தது அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். புகாரைத் தட்டிக்கழிக்காமல் சோதித்ததால்தான் பதில் கிடைத்தது.

குழாய்களில் ஆபத்து உண்டு என்பதற்கு வேறோர் ஊர் சாட்சி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில் சட்டார்ஷியா என்ற கிராமம். 2020 பிப்ரவரி 22-ஆம் தேதி, கனமழையில் மண் சரிந்து, எண்ணெய் வயல்களுக்குப் போகும் கரியமில வாயுக் குழாய் ஒன்று உடைந்தது. மின் நிலையத்து வாயு அல்ல அது. ஆனால், குழாயும் வாயுவும் இதே வகைதான். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்கள்கூட நின்றுவிட்டன. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள். 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

காருக்கு வெளியே இருட்டிவிட்டது. வயலுக்கு நடுவே பம்புகளின் விளக்குகள் மட்டும் மினுக்கின. எங்கள் சாலைக்கு அடியிலும் எங்கேயோ ஒரு குழாய் போய்க்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. அதன் பாதையில் உள்ளவர்களுக்கு அது போவது தெரிந்திருக்க வேண்டும். உடைந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊருக்கு வந்தால்?

இதெல்லாம் கனடா சமாசாரம் என்று விட்டுவிட முடியாது. நம் நாட்டு மின்சாரத்தில் எழுபது சதவிகிதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. வாயு பிடிக்கும் தொழில்நுட்பத்துக்கான கொள்கை வரைவை நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்டது. அதே வருடம் மத்தியப் பிரதேசத்தில் விந்தியாசல் அனல் மின் நிலையத்தில், நாளொன்றுக்கு 20 டன் வாயு பிடிக்கும் சிறு ஆலை வந்தது. நம் தூத்துக்குடியிலேயே ஒரு ரசாயனத் தொழிற்சாலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து சோடா ஆஷ் செய்ய 2016-ல் தொடங்கியது. வருடத்துக்கு 60,000 டன் பிடிக்கும் திறன். இரண்டு ஐ.ஐ.டி. பட்டதாரிகள் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. உலகமே பாராட்டியது.

எஸ்டெவானின் கணக்கை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் எரித்தால் முப்பது நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். கரி கால் பங்கு கூடினால் சாம்பலும் கால் பங்கு கூடும். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனும் இறாலும் குறைந்துபோன கதையை, அங்குள்ள மீனவர்கள் வருடக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். அந்தச் சாம்பலோடு இன்னும் கொஞ்சம் என்றால் எங்கே கொட்டுவது?

தண்ணீர்? நெய்வேலியில் சுரங்கத்துக்குள் நீர் புகாமல் இருக்க, நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்கிறார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் கிணறு இறங்குவதைப் பற்றிப் பேசாத நாளில்லை. கந்தகம்? அமீனுக்குக் கந்தகம் ஆகாது என்று பார்த்தோம். நம் அனல் மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் கந்தகம் நீக்கும் கருவியே இல்லை. 2025-ல் பெரும்பாலான நிலையங்களுக்கு அது கட்டாயம் இல்லை என்று விலக்கும் கொடுத்துவிட்டார்கள். வாயு பிடிக்கும் ஆலை வருவதானால் முதலில் அந்தக் கருவி வந்தாக வேண்டும். வந்தால் சுற்றி வாழும் குழந்தைகளின் மூச்சுக்கு நல்லது. அதற்கு கரியமில வாயுவைப் பிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே, வாயுவைப் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிமென்ட் ஆலைகளில் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. அங்கே வேறு சுலப வழி இல்லை. மின்சாரத்துக்கோ சூரியனும் காற்றும் இருக்கின்றன. கனடாவில் அதிக வெயிலடிக்கும் ஊரிலேயே இந்தக் கேள்வி இருக்கும்போது, நமக்கு இல்லாமல் போகுமா?

நாளை உங்கள் ஊர் அனல் மின் நிலையத்துக்கு இப்படி ஓர் ஆலை வருகிறது என்று கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால், தயங்காமல் எழுந்து கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை டன் பிடிப்பீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு எத்தனை டன் கரி கூடுதலாக எரியும்? தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்தக் கிணற்றிலிருந்து வரும்? கெட்ட கரைசல் எங்கே போகும்? காற்றில் அமோனியாவையும் நைட்ரோசமீனையும் யார் அளப்பார்கள், அந்த அளவை எங்கே ஒட்டி வைப்பார்கள்? குழாய் யார் வீட்டுப் பக்கம் போகும்? பிடித்த வாயுவைப் புதைப்பீர்களா, எண்ணெய் எடுப்பீர்களா?

இந்த ஆறு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் இருந்தால் வரட்டும் அந்த ஆலை.